8 வாரமா? 24 வாரமா? கடன் விதியை மாற்ற அமெரிக்க ஓட்டல்காரர்கள் நடத்திய போராட்டம்

2020-ம் ஆண்டு, மார்ச் மாதம் 16-ந் தேதி, திங்கட்கிழமை. இரவு மணி 8.

நியூயார்க் நகரத்து ஓட்டல்களில் கடைசி மேஜையும் காலியாயிற்று. இனி யாரும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. பார்சல் வேண்டுமானால் வாங்கிக்கொண்டு போகலாம். இது மாநில கவர்னர் போட்ட உத்தரவு. கொரோனா நோய் ஊருக்குள் வந்துவிட்டது. அதைத் தடுக்க வேறு வழி தெரியவில்லை.

அடுத்த சில நாட்களில் அமெரிக்கா முழுவதும் இதே நிலைதான். அடுப்பு அணைந்தது. வாங்கி வைத்த காய்கறியும் மீனும் இறைச்சியும் அழுகாமல் இருக்க, பல முதலாளிகள் அவற்றைச் சிப்பந்திகளுக்கே பங்கு போட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஏப்ரல் மாதம் ஒன்றில் மட்டும் ஓட்டல், மதுக்கடைத் தொழிலில் 55 லட்சம் பேருக்கு வேலை போயிற்று. இது அமெரிக்க சர்க்காரே வெளியிட்ட கணக்கு. சரக்கு மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் கழுவுகிறவர், கல்லாவில் உட்காருகிறவர் எல்லாரும் இதில் அடக்கம்.

வேலை போனவர் வீட்டுக்குப் போகலாம். ஓட்டலின் வாடகை வீட்டுக்குப் போகுமா? முதல் தேதி வந்ததும் கட்டடக்காரர் வந்து நிற்பார்.

கடனா, நன்கொடையா?

மார்ச் 27-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஒரு பெரிய உதவிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு பகுதிக்கு "சம்பளப் பாதுகாப்புத் திட்டம்" என்று பெயர். அதற்கு ஒதுக்கிய பணம் 34,900 கோடி டாலர்.

திட்டம் கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. சிறிய தொழில் நடத்துகிறவர் பாங்கிக்குப் போய் மனுக் கொடுக்க வேண்டும். ஒரு மாதச் சம்பளச் செலவு எவ்வளவோ, அதைப் போல இரண்டரை மடங்கு கடன் கிடைக்கும். வட்டி நூற்றுக்கு 1 தான். இரண்டு வருஷத்தில் திருப்பிக் கட்டவேண்டும்.

ஆனால், விதிப்படி செலவு செய்தால் கட்டவே வேண்டாம்! கடன் முழுவதும் தள்ளுபடி. சர்க்காரே பாங்கிக்குப் பணம் கொடுத்துவிடும்.

விதி என்ன? பணம் கைக்கு வந்த நாளிலிருந்து 8 வாரத்துக்குள் செலவான தொகைதான் தள்ளுபடிக் கணக்கில் சேரும். அதில் நூற்றுக்கு 75 பங்காவது சம்பளமாகப் போக வேண்டும். மிச்சம் 25 பங்கைத்தான் வாடகை, மின்சாரம் போன்றவற்றுக்குக் கொடுக்கலாம். வேலையை விட்டு அனுப்பியவர்களை ஜூன் 30-ந் தேதிக்குள் திரும்ப எடுக்க வேண்டும். ஆள் குறைந்தால் தள்ளுபடியும் குறையும்.

8 வாரம் என்பது சட்டத்திலேயே எழுதியிருந்தது. 75 பங்கு என்பது சட்டத்தில் இல்லை. அதை நிதி இலாகாவும் சிறு தொழில் நிர்வாகமும் பிறகு விதியாகச் சேர்த்தன. "திட்டத்தின் பெயரே சம்பளப் பாதுகாப்பு, சம்பளத்துக்குத்தானே போக வேண்டும்?" என்பது அவர்கள் வாதம். அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் சிறு தொழில் நிர்வாகத்தின் சொந்தத் தணிக்கை அதிகாரியே மே 8-ந் தேதி கொடுத்த அறிக்கையில், இந்த 75 பங்கு விதியால் பல்லாயிரம் பேர் கடனில் மாட்டிக்கொள்ளக் கூடும் என்று எச்சரித்தார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓர் உதாரணத்துக்கு, ஒரு ஓட்டலில் மாதச் சம்பளம் 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மடங்கு என்றால் கடன் 1 லட்சம் டாலர். அதில் 75 பங்கு, அதாவது 75,000 டாலர், 8 வாரத்தில் சம்பளமாகப் போக வேண்டும்.

எல்லாச் சிப்பந்திகளும் வேலையில் இருந்தால் 8 வாரச் சம்பளம் ஏறக்குறைய 74,000 டாலர் ஆகும். கணக்குச் சரிக்குச் சரியாகப் பொருந்துகிறது அல்லவா? விதியை எழுதியவர்களும் காகிதத்தில் இப்படித்தான் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் ஓட்டல் மூடிக் கிடக்கிறதே! பார்சல் கட்டிக் கொடுக்கப் பாதி ஆட்கள் போதும். பாதி ஆட்களுக்கு 8 வாரச் சம்பளம் 37,000 டாலர்தான். அப்போது 1 லட்சத்தில் பாதிக்கு மேல் கடனாகவே நின்றுவிடும். இரண்டு வருஷத்தில் கட்டவேண்டும்.

சரி, எல்லாரையும் கூப்பிட்டுச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தால்? ஏப்ரல் 15-ந் தேதி பணம் வந்தது என்றால் ஜூன் 10-ந் தேதியோடு 8 வாரம் முடிந்துவிடும். நியூயார்க் நகரத்தில் ஓட்டலுக்கு வெளியே, தெரு ஓரத்தில் மேஜை போட அனுமதி கிடைத்ததே ஜூன் 22-ந் தேதிதான். உள்ளே உட்கார அனுமதி செப்டம்பர் 30-ல் வந்தது. அதுவும் நாலில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும்! கதவு திறக்கும் நாளில் பெட்டியில் காசு இருக்காது. சிப்பந்திகளை மறுபடியும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வேலை இல்லாதவர்களுக்கு மாநில உதவித் தொகையோடு, மத்திய சர்க்கார் வாரம் 600 டாலர் கூடுதலாகக் கொடுத்து வந்தது. ஜூலை கடைசி வரை இது உண்டு. பல சிப்பந்திகளுக்கு வேலை பார்த்துக் கிடைத்ததை விட இது அதிகம். நோய்க்குப் பயந்து வீட்டில் இருப்பவரை, "குறைந்த பணத்துக்கு 8 வாரம் வா, பிறகு தெரியாது" என்று எந்த முதலாளி கூப்பிடுவார்? கூப்பிட்டால்தான் யார் வருவார்?

13 நாளில் காலி!

ஏப்ரல் 3-ந் தேதி பாங்கிகள் மனு வாங்கத் தொடங்கின. ஏப்ரல் 16-ந் தேதி 34,900 கோடி டாலரும் தீர்ந்துபோயிற்று. கடைசி வரிசையில் நின்றவர்கள் கையை விரித்தார்கள்.

அப்புறம்தான் ஒரு செய்தி வெளியே வந்தது. 189 கிளைகளும் ஏறக்குறைய 8,000 ஊழியர்களும் உள்ள "ஷேக் ஷாக்" என்ற பர்கர் கம்பெனிக்கு 1 கோடி டாலர் கிடைத்திருந்தது. "ரூத்ஸ் கிறிஸ்" என்ற பெரிய ஓட்டல் கம்பெனிக்கு 2 கோடி டாலர். 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனிக்குக் கடன் இல்லை என்பதுதானே பொதுவிதி? ஆம். ஆனால் ஓட்டல், தங்கும் விடுதித் தொழிலுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு இருந்தது. மொத்தத்தை எண்ணாமல், ஒரு கிளைக்கு எத்தனை பேர் என்று எண்ணினால் போதும்! பெரிய தொழில் சங்கங்கள் வாதாடி வாங்கிய சலுகை இது.

ஊர் சிரித்தது. இரண்டு கம்பெனிகளும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டன. ஏப்ரல் 24-ந் தேதி மேலும் 31,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

சட்டம் இயற்றுகிறவர்களிடம் போய்ப் பேசிச் சலுகை வாங்குவது என்றால் என்ன என்று மூலைக் கடைக்காரர்களும் புரிந்துகொண்டார்கள். நாம் பேசாவிட்டால் நமக்காக யார் பேசுவார்கள்?

கரண்டி பிடித்தவர்களின் சங்கம்

அமெரிக்காவில் தேசிய ஓட்டல் சங்கம் என்று ஒரு பழைய சங்கம் உண்டு. 1919-ல் பிறந்தது. பெரிய கம்பெனிகளும் அதில் அங்கம். தனி முதலாளிகளான சமையல்காரர்கள் 2020 மார்ச் மாதத்திலேயே புதிதாக ஒரு கூட்டணி அமைத்தார்கள். "இண்டிபென்டென்ட் ரெஸ்டாரன்ட் கோயலிஷன்" என்று பெயர். தனி ஓட்டல்கள் கூட்டணி என்று சொல்லலாம்.

இதைத் தொடங்கியவர்கள் ஊருக்குத் தெரிந்த முகங்கள். டெலிவிஷன் சமையல் போட்டியில் நீதிபதியாக வரும் டாம் கொலிக்கியோ, நியூ ஆர்லியன்ஸ் நகரத்து நீனா காம்ப்டன், போர்ட்லந்து நகரத்து நவோமி பாமராய், நியூயார்க்கின் வில் குய்தாரா இவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். தனி ஓட்டல்கள் 5 லட்சம், அவற்றை நம்பிப் பிழைக்கிறவர்கள் 1 கோடி 10 லட்சம் பேர் என்பது கூட்டணி சொன்ன கணக்கு.

இவர்கள் செய்த வேலைக்கு ஆங்கிலத்தில் "லாபி" செய்வது என்று பேர். லாபி என்றால் சட்டசபையின் முன்கூடம், தாழ்வாரம். அங்கே காத்திருந்து, வருகிற போகிற அங்கத்தினர்களைப் பிடித்துக் காரியம் பேசுவதால் வந்த சொல். நம் பக்கத்தில் மகஜர் கொடுப்பது, தூது கோஷ்டி போவது என்போமே, அது போலத்தான். ஆனால் அங்கே இது ஒரு தொழில். சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே செய்கிறவர்கள் உண்டு. யாருக்காகப் பேசுகிறார்கள், எவ்வளவு பணம் வாங்குகிறார்கள் என்று பதிவு செய்ய வேண்டும் என 1995-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். குறையைச் சொல்லி மனுக் கொடுக்கும் உரிமை, 1791-ல் அவர்கள் அரசியல் சட்டத்தில் செய்த முதல் திருத்தத்திலேயே இருக்கிறது.

ஒரு வேடிக்கை பாருங்கள். தாழ்வாரத்தில் நிற்க வழியில்லாத காலம் அது. நோய்! தொலைபேசியிலும் கம்ப்யூட்டர் திரையிலும்தான் அங்கத்தினர்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் ஓட்டல் உண்டு. அங்கத்தினர் கல்யாண நாளுக்குச் சாப்பிடப் போன ஓட்டலின் முதலாளியே பேசினால் கேட்காமல் இருக்க முடியுமா?

கேட்டது முக்கியமாக இரண்டு. 8 வாரத்தை 24 வாரமாக்குங்கள்; சம்பளப் பங்கைத் தளர்த்துங்கள். அதற்கு மேல் ஓட்டல்களுக்கென்றே கடனல்லாத ஒரு தனி நிதி வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தக் கதை பின்னால் வருகிறது.

மே 18-ந் தேதி வெள்ளை மாளிகையில் ஓட்டல் தொழில் தலைவர்களை ஜனாதிபதி டிரம்ப் அழைத்துப் பேசினார். குய்தாராவும் போயிருந்தார். 24 வாரம் வேண்டும் என்று ஜனாதிபதியிடம் நேரிலேயே கேட்டார். ஜனாதிபதி மறுக்கவில்லை.

அந்த மேஜையைச் சுற்றி முதலாளிகளும் கம்பெனித் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பாத்திரம் கழுவுகிறவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தால் அவர் என்ன கேட்டிருப்பார்? நமக்குத் தோன்றுகிற சந்தேகம் இது.

417-க்கு 1

முதலில் கடன் வாங்கியவர்களுக்கு 8 வாரக் கெடு மே மாதக் கடைசியிலேயே வந்துவிட்டது. நாள் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த டீன் பிலிப்ஸ், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சிப் ராய் இருவரும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். கீரியும் பாம்புமாக இருக்கும் இரண்டு கட்சிகள்! மே 28-ந் தேதி பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 417. எதிர்ப்பு 1. ஜூன் 3-ந் தேதி செனட் சபை ஏற்றது. 5-ந் தேதி ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார்.

8 வாரம் 24 வாரமாயிற்று. பழைய 8 வாரமே போதும் என்கிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். 75 பங்கு 60 பங்காயிற்று. ஆட்களைத் திரும்ப எடுக்க டிசம்பர் 31 வரை கெடு. சுகாதார விதியால் ஓட்டலைப் பழையபடி நடத்த முடியவில்லை என்று காட்டினால், ஆள் குறைந்ததற்காகத் தள்ளுபடியில் வெட்டு இல்லை. புதிதாக வாங்கும் கடனில் மிச்சம் நின்றால் 5 வருஷத்தில் கட்டலாம்.

நாம் போட்ட உதாரணத்துக்கே திரும்புவோம். பாதி ஆட்களை வைத்து நடத்தினாலும் 24 வாரத்தில் சம்பளம் 1 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு மேல் போய்விடும். கடன் தொகை அத்தனையும் சம்பளத்திலேயே சரியாகிவிட்டது! கடன்காரன் ஆகவேண்டியவர் தப்பித்தார்.

அவசரத்தில் எழுதிய சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. 60 பங்குக்கு ஒரு டாலர் குறைந்தாலும் தள்ளுபடியே கிடையாது என்று பொருள் கொள்ளும்படி வாசகம் அமைந்துவிட்டது. மூன்று நாள் கழித்து நிதி இலாகா, "அப்படி அல்ல, குறைந்த அளவுக்குத் தள்ளுபடி குறையும், அவ்வளவுதான்" என்று விளக்கம் கொடுத்தது. அந்த மூன்று நாளும் ஓட்டல்காரர்களின் கணக்குப்பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

75 பங்கு 60 பங்கானதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1 லட்சம் டாலரில் 15,000 டாலர் சம்பளப் பக்கத்திலிருந்து வாடகைப் பக்கத்துக்குப் போக வழி திறந்தது. வாடகை கொடுக்காவிட்டால் ஓட்டலே இருக்காது, ஓட்டல் இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்கிறார் முதலாளி. உண்மைதான். ஆனால் அந்த 15,000 டாலர் கடைசியில் போய்ச் சேருகிற இடம் கட்டடக்காரரின் பெட்டி என்பதும் உண்மைதான்.

சம்பளப் பாதுகாப்புத் திட்டம் 2021 மே மாதம் முடிந்தது. எல்லாத் தொழில்களுக்குமாகச் சேர்த்துச் சுமார் 80,000 கோடி டாலர் போயிற்று. மிகப் பெரும்பாலான கடன்கள் தள்ளுபடியாகிவிட்டன. டேவிட் ஆட்டர் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவரைச் சேர்ந்தவர்களும் 2022-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 2020-ல் கொடுத்த பணத்தில் நூற்றுக்கு 23 முதல் 34 பங்குதான், வேலை இழந்திருக்கக்கூடிய தொழிலாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவர்கள் கணித்தார்கள். மற்றதெல்லாம் முதலாளிகளுக்கும் பங்குதாரர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் போயிற்றாம். திட்டத்தின் பெயரை நினைத்தால் பெருமூச்சுத்தான் வருகிறது.

கேட்டது 12,000 கோடி

இனி, அந்தத் தனி நிதியின் கதை. கடனே வேண்டாம், ஓட்டல்களுக்கென்று நன்கொடையாக 12,000 கோடி டாலர் கொடுங்கள் என்பது கூட்டணியின் கோரிக்கை. 2020 ஜூன் மாதம் ஏர்ல் புளூமெனார் என்ற அங்கத்தினர் அதற்கு ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆதரித்தவர்கள் பலர். ஆனால் வருஷம் முடியும் வரை அது நிறைவேறவில்லை. ஆறுதலாக, அந்த டிசம்பரில் வந்த சட்டப்படி இரண்டாம் முறை கடன் வாங்கும் ஓட்டல்களுக்கு மட்டும் இரண்டரை மடங்குக்குப் பதில் மூன்றரை மடங்கு கிடைத்தது.

அதற்குள் எத்தனையோ கடைகள் போய்விட்டன. கூட்டணியைத் தொடங்கியவர்களில் ஒருவரான நவோமி பாமராய், போர்ட்லந்தில் புகழோடு நடத்திவந்த தம் "பீஸ்ட்" ஓட்டலை அந்த 2020-லேயே மூடினார். மற்றவர்கள் கடைக்காகப் பேசப் போனவருக்குத் தம் கடை தங்கவில்லை. அவர் 2024-ல் காலமானார்.

2021 மார்ச் 11-ந் தேதி, ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட சட்டத்தில் ஓட்டல்களுக்குத் தனி நிதி வந்தது. ஆனால் தொகை 2,860 கோடி டாலர்தான்! கேட்டதில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை. பழைய அனுபவத்தால் ஒரு நல்ல விதி போட்டார்கள். 20 கிளைக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனிக்கு இடமில்லை.

மே 3-ந் தேதி மனு வாங்கினார்கள். வந்து குவிந்தவை 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கு மேல். அவர்கள் கேட்ட தொகை 7,220 கோடி டாலர். பெண்கள், முன்னாள் சிப்பாய்கள், சமூகத்தில் பின்தங்கியவர்கள் நடத்தும் ஓட்டல்களுக்கு முதல் 21 நாள் முன்னுரிமை என்றார்கள். அது பாரபட்சம் என்று வேறு முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டும் தடுத்தது. பணம் மஞ்சூர் ஆகிவிட்டது என்று கடிதம் கிடைத்து, அதை நம்பிக் கடன்காரர்களுக்கு நாள் சொல்லியிருந்த சுமார் 3,000 பேருக்கு, மஞ்சூர் ரத்து என்று இன்னொரு கடிதம் போயிற்று.

பணம் கிடைத்தவர்கள் சுமார் 1 லட்சத்து 1,000 பேர்.

கூட்டணி மறுபடியும் வாஷிங்டன் கதவைத் தட்டியது. ஒரு வருஷம் தட்டியது. ஆனால் 2022-ல் நோய்ப் பயம் தணிந்திருந்தது. ஓட்டல்களில் கூட்டம் தெரிந்தது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பணம் கொடுப்பதா என்று பல செனட்டர்கள் தயங்கினார்கள். கூட்டம் இருக்கிற ஓட்டலுக்கும் இரண்டு வருஷத்து வாடகைப் பாக்கி இருக்கும் என்பது சாப்பிட வருகிறவர் கண்ணுக்குத் தெரியாதே!

2022 மே 19-ந் தேதி செனட் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டல்களுக்கு 4,000 கோடி டாலர் தரும் மசோதா. அதை விவாதத்துக்கு எடுக்க 60 ஓட்டு வேண்டும். விழுந்தது 52. எதிர்ப்பு 43.

சுமார் 1 லட்சத்து 77 ஆயிரம் ஓட்டல்காரர்களின் மனுக்கள் அப்படியே கிடந்தன.